புற்றுக்கு முந்தைய தடம்: அல்சரேட்டிவ் கோலைடிஸும் ஆயுட்காலக் கண்காணிப்பும்

அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்று மருத்துவர்களும் நோயாளிகளும் ஒருசேரக் குறிப்பிடும் பெருங்குடல் புண் அழற்சி, மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவி, பெருங்குடலின் உட்சவ்வை ஆண்டுக்கணக்கில் சிவக்கவும் வீங்கவும் புண்ணாகவும் செய்கிற நாட்பட்ட நோய். இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு, அடக்க முடியாத மல அவசரம், வயிற்றுப் பிடிப்பு, இரத்தசோகை ஆகியவை அதன் வெளிப்படையான அறிகுறிகள். சில மாதங்கள் சீறி, பிறகு மருந்துக்குக் கட்டுப்பட்டு அடங்கி, மறுபடியும் கிளம்புவது அதன் இயல்பு. இந்த ஏற்ற இறக்கங்களுக்கு அடியில், சிலருடைய குடலில் மட்டும், எந்த வலியும் தராமல் வேறொரு மாற்றம் நடக்கிறது. பல ஆண்டுகள் அழிந்தும் புதிதாக வளர்ந்தும் வந்த உட்சவ்வின் உயிரணுக்கள் தம் வடிவத்திலும் அடுக்கிலும் ஒழுங்கை இழந்து, புற்றாக மாறக்கூடிய நிலையை எட்டுகின்றன. டிஸ்பிளேசியா எனப்படும் இந்நிலை புற்றுநோய் அன்று. ஆனால் புற்றுநோய்க்கு முந்தைய படி.

இந்தப் படியில் இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் புற்றுநோயைத் தவிர்க்கலாம் என்ற எளிய எண்ணத்தின் மீது கட்டப்பட்டதே, நோய் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்தபின் ஒழுங்கான இடைவெளிகளில் கொலோனோஸ்கோப்பி (வளையும் குழாய்க் கருவியால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்து குடலைச் சோதிக்கும் கண்காணிப்பு முறை. எண்ணம் எளிதாயினும் செயல் எளிதாக இருக்கவில்லை. எதைத் தேடுவது, எங்கே தேடுவது, கண்டதை எப்படிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்ற நான்கு கேள்விகளுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேலாக விடைகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. அந்த மாற்றங்களை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒரு திசை தெளிவாகத் தெரிகிறது: மருத்துவரின் பார்வை தெளியத் தெளிய, நோயாளி இழக்க வேண்டியிருந்தது குறைந்து வந்திருக்கிறது.

லண்டனில் தொடங்கிய தேடல்

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் 1859இல் இந்நோயின் தன்மையை எழுதினார். இந்த அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் எழ மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நியூயார்க்கில் பரல் குரோன், ரோசன்பெர்க் என்ற இருவர் 1925இல் வெளியிட்ட நோயாளி விவரம் அதன் முதல் பதிவுகளில் ஒன்று. பின்னாளில் குரோன் நோய் என்று மற்றொரு குடல் அழற்சி நோய்க்குப் பெயர் தந்தவர் இதே குரோன்தான்.

ஐயம் ஒரு சோதனை முறையாக உருவெடுத்தது லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில். ஆசனவாய், மலக்குடல் நோய்களால் அவதிப்படும் ஏழைகளுக்காக 1835இல் ஏழே படுக்கைகளுடன் பிரெடெரிக் சாமன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய நிலையம் அது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பவுத்திர அறுவை செய்தவரும் அவரே. நாகரிக சமூகம் வாய்விட்டுப் பேசத் தயங்கிய உறுப்புக்கென்று தனியாக ஒரு மருத்துவமனை இருந்ததால் பின்னர் ஒரு பெரும் பயன் விளைந்தது: ஒரே வகை நோயாளிகளின் திசுக்கள் ஒரே ஆய்வுக்கூடத்தில் பல பத்தாண்டுகள் சேர்ந்தன. மலக்குடல் புற்றின் நிலைகளை 1932இல் வகைப்படுத்திய கத்பர்ட் டியூக்ஸ் பணியாற்றிய ஆய்வுக்கூடம் அது. அவருக்குப் பின் அங்கே நோய்க்குறியியல் வல்லுநராக, அதாவது திசுவை நுண்ணோக்கியில் படித்து நோயைத் தீர்மானிக்கும் மருத்துவராக விளங்கிய பேசில் மார்சன், பேங் என்பவருடன் சேர்ந்து 1967இல் ‘கட்’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புண் அழற்சி உள்ளவரின் மலக்குடலிலிருந்து எடுத்த சிறு திசுத்துணுக்கில் புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிந்தால், அவருடைய குடலின் வேறெங்கோ புற்று வளர்ந்திருக்கவோ வளரவோ வாய்ப்புண்டு என்பது அதன் சாரம்.

மலக்குடலிலிருந்து மட்டும் துணுக்கு எடுத்ததற்குக் காரணம் அன்றைய கருவியின் எல்லை. விறைப்பான குழாய்க் கருவி ஒரு சாண் அளவுக்கு மேல் செல்லாது. அதற்கு மேலே இருக்கும் குடலை பேரியம் கரைசல் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே நிழலில்தான் காண முடிந்தது. 1970களில் வளையும் இழைக்கண்ணாடிக் கொலோனோஸ்கோப் பரவியபின், பெருங்குடல் முழுவதையும் நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தது. செயின்ட் மார்க்ஸின் கண்காணிப்புத் திட்டத்தின் பதிவுகள் 1971இல் தொடங்குகின்றன. உலகில் மிக நீண்ட காலம் தொடர்ந்த இத்தகைய திட்டங்களில் அதுவும் ஒன்று.

தட்டையாக வளரும் எதிரி

பெருங்குடல் புற்று பொதுவாக எப்படி வருகிறது என்பது இன்று ஓரளவு பலருக்கும் தெரியும். உட்சவ்வில் பாலிப் என்ற சிறு முளை தோன்றி, பல ஆண்டுகளில் பெருத்து, அதிலிருந்து புற்று கிளைக்கிறது. முளை எழுந்து நிற்பதால் கண்ணில் படும், கண்ணில் பட்டால் கம்பி வளையத்தால் அறுத்தெடுக்கலாம். அழற்சியின் வழியில் வரும் புற்று பெரும்பாலும் இந்த வழியைப் பின்பற்றுவதில்லை. அது தட்டையாகப் பரவும். அழற்சியின் வடுக்கள் நிறைந்த சவ்வில் மறைந்து கிடக்கும். ஒரே நேரத்தில் பல இடங்களில் தோன்றும். மரபணு மட்டத்திலும் வரிசை தலைகீழாகிறது. பாலிப் வழியில் ஏபிசி என்ற மரபணு முதலில் பழுதாகி, உயிரணுவின் காவலனாகிய பி53 மரபணு கடைசிக் கட்டத்தில் பழுதாகும். அழற்சி வழியிலோ பி53 மிக முன்னதாகவே, சில வேளைகளில் டிஸ்பிளேசியா கண்ணுக்குத் தெரியும் முன்பே பழுதாகிவிடுகிறது, ஏபிசி பெரும்பாலும் பிந்தியே வருகிறது.

இதன் அடிப்படை, மருத்துவர்கள் ‘களப் பாதிப்பு’ என்ற பொருளில் பேசும் நிகழ்வு. புண் ஆறும்போது அருகிலுள்ள சுரப்பிக்குழிகள் பிளந்து பெருகி வெற்றிடத்தை மூடுகின்றன. அப்படிப் பெருகும் குழியில் ஏற்கெனவே ஒரு மரபணுப் பழுது இருந்தால், அந்தப் பழுதும் சேர்ந்து குடலின் ஒரு நீண்ட பரப்புக்குப் பரவுகிறது. 2020இல் வெளியான நுண்ணிய மரபணு ஆய்வு ஒன்று, குடல் அழற்சி நோய்கள் பாதித்த பெருங்குடல் உயிரணுக்களில் மரபணு மாற்றங்கள் சேரும் வேகம், நலமான குடலோடு ஒப்பிட, ஏறக்குறைய 2.4 மடங்காக இருப்பதை அளந்து காட்டியது. அதே ஆண்டில் வந்த பிற ஆய்வுகளில் வியப்பான ஒன்றும் தெரிந்தது: அழற்சியைத் தாக்குப்பிடிக்க உதவும் சில மரபணு மாற்றங்கள் சவ்வில் பெருமளவு பரவினாலும், அவை புற்றுக்கட்டிகளில் அரிதாகவே காணப்பட்டன. ஆகவே மாற்றம் கண்ட உயிரணு எல்லாமே புற்றை நோக்கி நடப்பதில்லை; எது நடக்கும், எது அங்கேயே நின்றுவிடும் என்பதைப் பிரித்தறிவதில்தான் கண்காணிப்பின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

அச்சத்தின் அளவு

நோயாளிகளிடம் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த எண்கள் அச்சுறுத்துபவை. சுவீடனில் எக்போம் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களோடு ஒப்பிட்டபோது பெருங்குடல், மலக்குடல் புற்றின் வாய்ப்பு, அழற்சி மலக்குடலோடு நின்றவர்களுக்கு 1.7 மடங்காகவும், இடப்பக்கக் குடல்வரை பரவியவர்களுக்கு 2.8 மடங்காகவும், முழுப் பெருங்குடலும் பாதித்தவர்களுக்கு 14.8 மடங்காகவும் இருந்தது. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே வாய்ப்பைத் தீர்மானிக்கும் முதல் காரணி என்பதை அந்த ஆய்வு அழுத்தமாக நிறுவியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் ஈடன் குழுவினர் தந்த கணக்கு இரண்டாவது காரணியான காலத்தைக் காட்டியது: நோய் தொடங்கி 10 ஆண்டுகளில் 2 விழுக்காடு, 20 ஆண்டுகளில் 8 விழுக்காடு, 30 ஆண்டுகளில் 18 விழுக்காடு. இன்றும் பல இடங்களில் இந்த 18 விழுக்காடுதான் மேற்கோளாக ஒலிக்கிறது.

அந்த எண்ணை அப்படியே ஒரு நோயாளியின் முன் வைப்பது சரியன்று. பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை, கடுமையான நோயாளிகள் வந்து சேரும் பெரிய சிறப்பு மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. செயின்ட் மார்க்ஸின் 30 ஆண்டுப் பதிவுகளை 2006இல் ரட்டர் குழுவினர் அலசியபோது, முழுப் பெருங்குடலும் பாதித்த 600 நோயாளிகளில் புற்றின் திரள் வாய்ப்பு 20 ஆண்டுகளில் 2.5 விழுக்காடாகவும், 30 ஆண்டுகளில் 7.6 விழுக்காடாகவும், 40 ஆண்டுகளில் 10.8 விழுக்காடாகவும் இருந்தது. டென்மார்க், சுவீடன் நாடுகளின் தேசியப் பதிவேடுகளிலிருந்து ஏறக்குறைய 96,000 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2020இல் ‘லேன்செட்’ இதழில் வெளியான ஆய்வில், ஒத்த வயதுடைய பிறரைவிட வாய்ப்பு 1.66 மடங்கு என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. அழற்சியை அடக்கும் மருந்துகள் மேம்பட்டதும், கட்டுக்கடங்காத குடல் அறுவையால் அகற்றப்படுவதும், கண்காணிப்பும் சேர்ந்தே இந்த இறக்கத்தைத் தந்திருக்க வேண்டும். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை என்பதை எந்த ஆலோசனையிலும் முதலில் சொல்ல வேண்டும்.

பரவல், காலம் ஆகிய இரண்டோடு வேறு சில காரணிகளும் உண்டு. நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்று இருந்தால் வாய்ப்பு இரட்டிப்புக்கும் மேல் ஆகிறது. கல்லீரலின் பித்தநாளங்கள் அழற்சியால் இறுகும் பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைடிஸ் என்ற நோய் உடனிருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இவர்களின் குடல் அழற்சி பெரும்பாலும் மிதமாக, தொல்லை தராமலேயே இருக்கும் என்பதால் இந்தக் காரணி இன்னும் ஆபத்தானது. அழற்சியின் கடுமையும் ஒரு காரணியே. செயின்ட் மார்க்ஸில் நடந்த மற்றோர் ஒப்பீட்டு ஆய்வு 2004இல் இதைக் காட்டும் வரை, கண்காணிப்பில் அழற்சியின் அளவுக்குத் தனி மதிப்பு இருக்கவில்லை. நுண்ணோக்கியில் தெரியும் அழற்சி ஒரு படி கூடும்தோறும் புற்று வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்ற அந்தக் கண்டுபிடிப்பு, மருந்தை ஒழுங்காக எடுத்துக் குடலை ஆற்றி வைப்பதும் புற்றுத் தடுப்பின் பகுதி என்று ஆக்கிவிட்டது.

எப்போது, எத்தனை முறை

நோய் தொடங்கிய எட்டாவது ஆண்டு வாக்கில் முதல் கண்காணிப்புக் கொலோனோஸ்கோப்பியைச் செய்ய வேண்டும் என்பது இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்களின் ஒத்த கருத்து. அதற்கு முன் புற்று அரிது என்பதே காரணம். எனினும் அரிது என்பது இல்லை என்பதாகாது. நெதர்லாந்தில் புற்று வந்த அழற்சி நோயாளிகளைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தொடக்க எல்லைக்கு முன்பே புற்று வந்திருந்தது. பித்தநாள நோய் உடனிருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. பித்தநாள நோய் கண்டறிந்த ஆண்டிலிருந்தே ஆண்டுதோறும் சோதனை வேண்டும். அழற்சி மலக்குடலோடு நின்றவர்களுக்கு, அது மேலே பரவவில்லை என்று உறுதிப்படுத்தியபின், தனிக் கண்காணிப்புத் தேவையில்லை.

எட்டு ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பானது. இந்தியச் சூழலில் இதுவே பெரிய சிக்கல். இரத்தம் கலந்த பேதியை அமீபா சீதபேதி என்றும், மூலம் என்றும் கருதி ஆண்டுக்கணக்கில் மருந்தெடுத்தபின் சரியான நோய் தெரியவரும்போது, கணக்கின் தொடக்கமே மங்கிவிடுகிறது. இந்நோய் மேலைநாட்டாருக்கு உரியது என்ற பழைய எண்ணத்தை, பஞ்சாபின் லூதியானாவில் வீடுவீடாகச் சென்று நடத்தி 2003இல் வெளியான ஆய்வு தகர்த்தது; அங்கே ஒரு லட்சம் பேருக்கு 44.3 பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர்.

அடுத்தடுத்த சோதனைகளுக்கான இடைவெளியை எல்லோருக்கும் ஒன்றாக வைக்காமல் பிரிட்டனின் இரைப்பை குடலியல் சங்கம் 2010இல் மூன்று தட்டுகளாகப் பிரித்தது. அழற்சி முழுதும் அடங்கியவர்களுக்கும் இடப்பக்கம் மட்டும் பாதித்தவர்களுக்கும் 5 ஆண்டுகள்; லேசான அழற்சி நீடிப்பவர்களுக்கும், 50 வயதுக்கு மேல் புற்று வந்த நெருங்கிய உறவினர் உள்ளவர்களுக்கும் 3 ஆண்டுகள்; மிதமான அல்லது கடும் அழற்சி, குடல் சுருக்கம், பித்தநாள நோய், முந்தைய டிஸ்பிளேசியா, இளவயதில் புற்று வந்த உறவினர் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களுக்கு ஓராண்டு. அழற்சி ஆறியபின் மிஞ்சும் போலிப் பாலிப்புகளும் அன்று நடுத்தட்டில் ஓர் ஆபத்துக் காரணியாக வைக்கப்பட்டன. பிந்தைய ஆய்வுகள் அவை தாமாகப் புற்று வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்று காட்டின. இத்துறையில் இப்படிப் பல நம்பிக்கைகள் வந்து போயிருக்கின்றன.

குருட்டுத் துணுக்கிலிருந்து நீலச் சாயம் வரை

டிஸ்பிளேசியா கண்ணுக்குத் தெரியாது என்று நம்பப்பட்ட காலத்தில் ஒரே வழி, கண்ணை நம்பாமல் எண்ணிக்கையை நம்புவது. பெருங்குடலின் ஒவ்வொரு 10 செ.மீ. நீளத்திலும் நான்கு பக்கமும் ஒவ்வொன்றாகத் திசுத்துணுக்குகளைக் கிள்ளி எடுக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. டிஸ்பிளேசியாவை 90 விழுக்காடு உறுதியுடன் கண்டுபிடிக்கக் குறைந்தது 33 துணுக்குகள் வேண்டும் என்று 1992இல் கணக்கிடப்பட்டது. முப்பத்து மூன்று துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தாலும் அது பெருங்குடல் பரப்பின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எடுப்பவருக்கு நேரம், படிப்பவருக்குச் சுமை, நோயாளிக்குச் செலவு. இந்த விதியை ஏட்டில் ஏற்றுக்கொண்டு, நடைமுறையில் பத்துத் துணுக்குகளோடு நிறுத்திக்கொண்ட மருத்துவர்கள் உலகெங்கும் இருந்தனர் என்பதில் வியப்பில்லை.

திருப்பம் சாயத்தால் வந்தது. கொலோனோஸ்கோப்பை சீக்கம் எனப்படும் பெருங்குடலின் தொடக்கம் வரை செலுத்தி, அங்கிருந்து மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது, கருவியின் வழியே இண்டிகோ கார்மைன் அல்லது மெத்திலீன் ப்ளூ என்ற நீர்த்த நீலச் சாயம் சவ்வின் மீது தூவப்படுகிறது. உழுத சாலில் நீர் தேங்குவதுபோல, சவ்வின் நுண்பள்ளங்களிலும் சுரப்பிக்குழி வாய்களிலும் நீலம் தங்குகிறது. இயல்பான சவ்வில் ஒரே சீரான புள்ளிகள் தெரியும். டிஸ்பிளேசியா உள்ள இடத்தில் அந்தப் புள்ளிகள் நீண்டும் கிளைத்தும் வளைந்தும் கிடக்க, சாயம் இல்லாதபோது சற்றுச் சிவந்த திட்டாக மட்டும் தோன்றிய இடத்துக்குத் திடீரென்று ஒரு விளிம்பு கிடைக்கிறது. எண்டோஸ்கோப்பி வல்லுநர் தேடுவது அந்த விளிம்பைத்தான்.

இதன் பயன் 2004இல் செயின்ட் மார்க்ஸில் 100 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. முதலில் வழக்கப்படி குருட்டாக எடுத்த 2,904 துணுக்குகளில் ஒன்றில்கூட டிஸ்பிளேசியா இல்லை. பிறகு அதே குடல்களில் சாயம் தூவி, ஐயத்துக்குரிய இடங்களிலிருந்து மட்டும் எடுத்த 157 துணுக்குகளில் ஒன்பது டிஸ்பிளேசியாத் திட்டுகள் அகப்பட்டன. அவற்றில் ஏழு, சாயம் தூவிய பிறகே கண்ணில் பட்டவை. கருவிகளின் படத்தெளிவும் இதே காலத்தில் பன்மடங்கு உயர்ந்தது. 2015இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி உருவாக்கிய ‘சீனிக்’ உடன்பாடு, பழைய குழப்பமான வகைப்பாடுகளை ஒதுக்கிவிட்டு, டிஸ்பிளேசியாவைக் கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என இரண்டாக மட்டும் பிரித்தது. தெரிவதே பெரும்பான்மை என்பது அதற்குள் புலப்பட்டிருந்தது.

அதற்காகக் குருட்டுத் துணுக்குக்கு முற்றாக விடைகொடுத்துவிட முடியாது. பிரான்சில் 1,000 நோயாளிகளிடம் சாயமும் குருட்டுத் துணுக்கும் சேர்த்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், டிஸ்பிளேசியா கண்ட 94 பேரில் 12 பேருக்கு அது குருட்டுத் துணுக்கில் மட்டுமே அகப்பட்டது. அப்படி அகப்படும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது: முன்பே டிஸ்பிளேசியா இருந்தவர்கள், பித்தநாள நோய் உள்ளவர்கள், நீண்ட அழற்சியால் குடல் மடிப்பிழந்து வெறும் குழாயாக மாறியவர்கள். இந்த மூன்று பிரிவினருக்கு மட்டும் குருட்டுத் துணுக்கும் எடுப்பது நியாயமான சமரசம்.

எந்தக் கருவியும் மூன்று அடிப்படைக் குறைகளை ஈடுசெய்யாது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சாயம் அழுக்கின் மீது படியும். ஆகவே முந்தைய இரவும் காலையும் பிரித்துக் குடிக்கும் பேதிக் கரைசலை நோயாளி பாதியில் நிறுத்துவது சோதனையையே வீணாக்கும். அழற்சி சீறிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் ஆறும் திசுவும் டிஸ்பிளேசியாவும் ஒன்றுபோலத் தோன்றும்; ஆகவே நோய் அடங்கிய காலத்தில்தான் பார்க்க வேண்டும். கருவியை விரைந்து இழுத்து வெளியேற்றினால் தட்டையான திட்டு நழுவிவிடும். மலத்தில் கால்புரோடெக்டின் அளக்கும் சோதனை அழற்சியை மட்டுமே காட்டும். சிடி ஸ்கேனில் தட்டைத் திட்டு தெரியாது. கொலோனோஸ்கோப்பிக்கு இன்னும் மாற்று இல்லை.

நுண்ணோக்கியின் தீர்ப்பு

எடுத்த துணுக்கை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றிப் பார்க்கும்போது, இயல்பான சவ்வில் உயிரணுக்களின் கருக்கள் ஒவ்வொன்றும் சுரப்பியின் அடிப்புறத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும். டிஸ்பிளேசியாவில் கருக்கள் நீண்டு, கறுத்து, ஒன்றை ஒன்று நெருக்குகின்றன. அவை உயிரணுவின் அடிப்பாதிக்குள் நின்றால் தாழ்நிலை; மேல்விளிம்பு வரை ஏறி, திசையும் வரிசையும் குலைந்தால் உயர்நிலை. 1983இல் ராபர்ட் ரிடல் தலைமையில் வல்லுநர்கள் வகுத்த இந்த வரையறை, ‘இல்லை’, ‘உறுதியில்லை’, ‘உண்டு’ என்ற மூன்று தீர்ப்புகளையும், உண்டு என்பதற்குள் தாழ்நிலை, உயர்நிலை என்ற இரண்டு படிகளையும் தந்தது. நாற்பது ஆண்டுகளாகியும் அடிப்படையில் அதுவே நடப்பில் உள்ளது.

ஆனால் படிப்பவர்கள் மனிதர்கள். ஒரே சீவலைப் பல வல்லுநர்களிடம் காட்டிய ஆய்வுகளில், இரண்டு முனைகளில், அதாவது முற்றிலும் இல்லை என்பதிலும் உயர்நிலை என்பதிலும், கருத்து ஓரளவு ஒத்துப்போகிறது. இடைப்பட்ட ‘உறுதியில்லை’, ‘தாழ்நிலை’ ஆகியவற்றில் சிதறிவிடுகிறது. அழற்சி ஆறும் திசுவின் உயிரணுக்களும் கறுத்து நெருங்குவதே காரணம். ஆகவே குடல் திசுவில் தனிப்பயிற்சி உள்ள இரண்டாவது வல்லுநர் ஒருவர் தனித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், டிஸ்பிளேசியா என்ற சொல்லை வைத்து எந்த அறுவையும் முடிவாகக் கூடாது.  துணுக்குகளை வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

முழுக்குடலா, ஒரு திட்டா?

1994இல் பத்து ஆய்வுகளைத் தொகுத்து, 1,225 நோயாளிகளின் விவரத்தோடு பெர்ன்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட கணக்கு ஒரு தலைமுறை மருத்துவர்களின் முடிவுகளை வழிநடத்தியது. உயர்நிலை டிஸ்பிளேசியாவுக்காக உடனே குடலை அகற்றியவர்களில் 42 விழுக்காட்டினரிடம் புற்று ஏற்கெனவே இருந்தது. தாழ்நிலைக்காக அகற்றியவர்களிலும் 19 விழுக்காட்டினரிடம் இருந்தது. டிஸ்பிளேசியா என்றால் பெருங்குடலும் மலக்குடலும் முழுதாக வெளியேற வேண்டும் என்ற நிலைப்பாடு அதிலிருந்து உறுதிப்பட்டது.

அந்த அறுவையின் விலை சிறிதன்று. முன்னெல்லாம் வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலின் முனையை வெளியே வைத்து, ஆயுள் முழுதும் பை கட்டிக்கொள்வதே வழியாக இருந்தது. 1978இல் செயின்ட் மார்க்ஸின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும், சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துத் தைத்து ஒரு உட்பையாக்கி ஆசனவாயோடு இணைக்கும் முறையை வெளியிட்டபின், இயல்பான வழியிலேயே மலம் கழிக்க முடிந்தது. எனினும் நாளுக்கு ஐந்தாறு முறை போக வேண்டியிருக்கும். ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த உட்பையிலும் எப்போதாவது அழற்சி வரும். இளம்பெண்களுக்குக் கருத்தரிப்பு கடினமாகலாம். இதையெல்லாம் ஏற்கச் சொல்லும் முன், ஆபத்தின் அளவு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

1994இன் கணக்கில் மறைந்திருந்த குறை இதுவே. மங்கலான கருவியால் குருட்டுத் துணுக்கில் அகப்பட்ட தாழ்நிலை டிஸ்பிளேசியாவுக்கு அருகில், காணத் தவறிய புற்று இருந்திருக்கிறது. இன்று தெளிவாகக் கண்டு, விளிம்பு வகுத்துச் சொல்லும் தாழ்நிலைத் திட்டின் எதிர்காலம் வேறு. 2017இல் வெளியான தொகுப்பாய்வில், தாழ்நிலை கண்டவர்களுக்குப் புற்று வருவது ஆண்டுக்கு 0.8 விழுக்காடு என்ற அளவிலேயே இருந்தது. ஆகவே விளிம்பு தெரியும் திட்டைக் கொலோனோஸ்கோப் வழியாகவே முழுதாக அறுத்தெடுத்து, சில மாதங்களில் மறுபடி பார்ப்பது இன்று ஏற்கப்பட்ட வழி. நீண்ட அழற்சியால் சவ்வின் அடியில் நார்த்திசு இறுகியிருப்பதால் திட்டு எளிதில் மேலெழும்பாது. கைதேர்ந்தவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. கண்ணுக்குத் தெரியாத உயர்நிலை, பல இடங்களில் பரவிய டிஸ்பிளேசியா, அறுத்தெடுக்க முடியாத திட்டு ஆகியவற்றுக்கு முழு அறுவையே இன்றும் சரியான அறிவுரை.

உயிர் காக்கிறதா?

நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. கண்காணிப்பில் ஒரு பிரிவினரையும் கண்காணிக்காமல் மற்றொரு பிரிவினரையும் வைத்து ஒப்பிடும் சோதனை இதுவரை நடந்ததில்லை. அறநெறிப்படி இனி நடக்கவும் இடமில்லை. பாஸ்டன் அருகே லேஹி மருத்துவ நிலையம் 1993இல் வெளியிட்ட பதிவில், புற்று வந்தவர்களில் கண்காணிப்பில் இருந்தவர்கள் ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் 77 விழுக்காடு, இல்லாதவர்களுக்கு 36 விழுக்காடு. முன்கூட்டியே கண்டுபிடித்ததால் மட்டும் காலக்கணக்கு நீண்டதுபோலத் தோன்றும் பிழை இதில் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006இல் சான்று தெளிவில்லை என்றது. 2017இல் புதிய தரவுகளோடு மறுபடி பார்த்தபோது, கண்காணிப்பில் இருந்தவர்களிடம் புற்றும் புற்றால் வரும் இறப்பும் குறைவு என்று கண்டது. மறுபக்கம், செயின்ட் மார்க்ஸின் 30 ஆண்டுப் பதிவில் வந்த 30 புற்றுகளில் 16, இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்பட்டவை. உலகின் மிகத் தேர்ந்த மருத்துவமனையிலேயே இந்நிலை என்றால், கண்காணிப்பை முழுக் காப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இருப்பவற்றில் அதுவே சிறந்த காப்பு. அதைத் தவறாமல் செய்வதைப் போலவே நன்றாகச் செய்வதும் முக்கியம்.

நோயாளி தன் பங்குக்குச் செய்யக்கூடியது அதிகம் இல்லை, ஆனால் அது முக்கியமானது. அறிகுறி தொடங்கிய ஆண்டு, அழற்சி குடலில் எட்டிய எல்லை, குடும்பத்தில் புற்று உண்டா என்பது, கடைசிக் கொலோனோஸ்கோப்பியின் நாளும் திசு அறிக்கையும் ஆகிய நான்கையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் கடந்தும் மருத்துவர் கண்காணிப்பைப் பற்றிப் பேசவில்லை என்றால், அடுத்த முறை செல்லும்போது நோயாளியே அதைக் கேட்க வேண்டும். உடல் நன்றாக இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்ய உகந்த காலம் உடல் நன்றாக இருக்கும் காலமே.